மூணாவது பட்டன்

என்னங்க,

கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன். கோபம் வேற, பசி வேற.

மூணு நாள் லீவுல நண்பர்களோட நகரத்தைச் சுத்திப் பார்த்துட்டு வந்தீங்க, சந்தோஷம். போகும்போது நீலச் சட்டையில மூணாவது பட்டன் ஆடிக்கிட்டிருந்துச்சு. இப்போ கெட்டியா இருக்கு. கேட்டா, "நானே ரூம்ல உக்காந்து தைச்சேன்"ங்கறீங்க. இருபது வருஷமா தையல் கடை வச்சிருக்கிறவகிட்டயா? நான் பட்டனை ரெண்டு நேர்கோடா தைப்பேன். இது பெருக்கல் குறி மாதிரி இருக்கு. அதுவும் அவ்வளவு அழகா!

அந்தப் பட்டனை வெட்டி எடுத்துட்டேன். சட்டை, ஊசி, நூல் எல்லாம் மேசை மேல இருக்கு. ஆறு மணிக்கு வருவேன். என் கண் முன்னால தைச்சுக் காட்டுங்க.

வெளியே போனா சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட குடுங்க. ஆனா ஊசியில நூல் கோர்க்க அவங்களைக் கூப்பிடாதீங்க. சொல்லி வச்சிருக்கேன்.