சூடம் கொளுத்தாத கவ்வாத்துச் சாமி

தங்கச்சி,

இன்று காலையில் கவ்வாத்து வெட்டிய தேயிலையின் வாடை நாங்கள் குடியிருக்கும் லயம் வரைக்கும் வந்தது. பச்சை மரமும் ஈர மண்ணும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்புதான். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது.

காட்டையும் மிருகங்களையும் படம் பிடித்தே முடி நரைத்தவள் நீ. யானை, சிறுத்தை, கடலாமை என்று நாட்டையே சுற்றிவிட்டு, பதுளையிலிருந்து பஸ் ஏறி எங்கள் பூனாகலைத் தோட்டத்துக்கு வந்தாய். எதற்கு? ஒரு கொண்டைக்குருவிக்கு.

"யானைய எடுக்க ஆயிரம் பேர் இருக்காங்கண்ணே. தேயிலைச் செடிக்குள்ள குடியிருக்கிறத யாரு எடுத்தா?" என்றாய்.

சாக்கை மறைப்பாகக் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க ஆறு நாள் உட்கார்ந்திருந்தாய். கூட்டில் மூன்று குஞ்சு. அப்போதுதான் கண் திறந்திருந்தன.

மறுநாள் அந்த மலையில் கவ்வாத்து ஆரம்பம். செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவோம். கூடு எங்கே நிற்கும்? நீ கணக்கப்பிள்ளையிடம் ஒரு வாரம் தவணை கேட்டாய்.

"ஒரு குருவிக்காக மலைய நிப்பாட்டச் சொல்றீங்களா? தொரை என்னையத்தான் தாளிப்பாரு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நீ சாக்கை மடிக்கத் தொடங்கினாய். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

கவ்வாத்து தொடங்குமுன் ஒரு செடியடியில் கல் வைத்துச் சாமி கும்பிடுவது எங்கள் வழக்கம். மலையை வெட்டி முடிக்கிற வரைக்கும் அந்தச் செடியில் கத்தி படாது. எப்போதும் அது ரோட்டோரத்து மூலைச் செடிதான். விடிந்ததும் நான் கல்லைத் தூக்கிப்போய், கூடு இருந்த செடிக்கு அடியில் வைத்து மஞ்சள் பூசிவிட்டேன். சாமிக்கு நிழல் வேண்டும் என்று சுற்றியிருந்த நாலு செடியையும் சேர்த்துக்கொண்டோம்.

ஆனால் மணி அடித்தால், சூடம் கொளுத்தினால், தாய்க்குருவி ஓடிவிடும். அதனால் கவ்வாத்து வெட்டும் நாங்கள் பத்துப் பேரும் திருட வந்தவர்களைப் போல வாய் பொத்திக் கும்பிட்டோம். தேங்காயைத் தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப்பக்கம் போய் உடைத்தோம்.

"என்னய்யா இது, சாமிக்குச் சூடம்கூட இல்லையா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"இந்த வருஷம் சாமிக்குப் புகை ஆகாதாமுங்க" என்றேன்.

"ஒனக்கு எப்ப சொல்லுச்சு?"

"காலையிலதாங்க."

மறுபடி கட்டிய சாக்குக்குப் பின்னால் நீ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துத் தாய்க்குருவி வந்து இறங்கியது, படையல் இலையிலேயே. உரித்து வைத்த வாழைப்பழத்தில் ஒரு கொத்துக் கொத்திக் குஞ்சின் வாயில் கொண்டுபோய் வைத்தது. மறுபடி வந்தது. கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

"தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் மெதுவாக.

ஏழாம் நாள் மூன்றும் பறந்தன. கடைசிக் குஞ்சு எழும்பியபோது நீ கேமராவை விட்டுவிட்டுக் கைதட்டினாய். அது உன் படத்தில் விழவில்லை. "போகட்டும்ணே, கண்ணால பாத்துட்டேன்ல" என்றாய். பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுவரில் அந்தப் படத்தைக் காட்டினாய். குருவி படையலைத் தின்றபோது எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவர் கணக்கப்பிள்ளைதான்.

இப்போதெல்லாம் கல்லைத் தூக்குமுன் ஆளுக்கு ஒரு பக்கமாகச் செடிக்குள் தலையை விட்டுக் கூடு தேடுகிறோம். கூடு இருக்கிற செடியில்தான் சாமி. இந்த வருஷம் இரண்டு கூடு. என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார்கள். இரண்டு கல் வைக்கச் சொன்னேன். புதிதாக வந்திருக்கும் கணக்கப்பிள்ளைக்கு இந்தக் கதை தெரியாது.

"எதுக்குங்க ரெண்டு சாமி?" என்று கேட்டார்.

"ஒண்ணு பழைய சாமிங்க. மத்தது அதோட தங்கச்சி" என்றேன்.