நெபெத் என்னும் பெயரைக் கல்லில் இடுக

வாழ்க வெண்கழி நாடு! உப்பும் நெல்லும் ஒரே முற்றத்தில் குவியும் அந்நாட்டை முறை வழுவாது புரக்கும் அரசி அருங்கடல் நங்கையார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் பேரெயில் மருதன் எழுதியது. புயலிலும் விளக்கு அணையாத சங்குத்துறைப் பட்டினத்தின் காவலர் எயினங்கோ அவர்கள் கண்டுகொள்க. உம் துறையில் மரக்கலங்கள் நலமே கரை சேர்க. உம் மனையில் மழலைச் சொல் குறையாதிருக்க.

கலம் செலுத்தும் மீகாமன் நன்னாகன் மனைவியின் உடலைச் சுடுவதோ புதைப்பதோ என்று நீர் கேட்டு விடுத்த வழக்கு அரசியார் திருமுன் வந்தது. ஊரார் கொதித்தெழுந்த வேளையிலும், தீர்ப்பு வரும்வரை ஒருவரும் அவ்வுடலைத் தொடலாகாது என்று, அது கிடக்கும் உப்புக் கொட்டிலுக்குக் காவல் வைத்தீர். அதற்காக முதற்கண் உம்மைப் பாராட்டப் பணித்தார். ஊரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீராதலின், அவையில் நிகழ்ந்ததைச் சற்று விரித்தே எழுதுகிறோம்.

நன்னாகன் கால் நிறையப் புழுதியோடும், உப்பு அரித்த கைகளோடும் வந்து நின்றான். இருக்கை காட்டியும் அமரவில்லை. அவன் உரைத்த வரலாறு இது.

எகிப்து என்று கலத்தார் வழங்கும் மிசிர நாட்டில், நீலாற்றின் கரையூர் ஒன்றில், கோயில் எழுத்தர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தவள் நெபெத். செங்கடல் துறையில் தன் கலம் பழுதுற, மிளகுப் பொதிகளோடு அவ்வூரில் தங்க நேர்ந்த ஆண்டில் நன்னாகன் அவளைக் கண்டான். அவளும் அவனைக் கண்டாள். பெற்றவர் வாழ்த்தக் கைப்பிடித்துக் கலமேறி வந்தவளைச் சங்குத்துறை நல்ல முகத்தோடே ஏற்றது. அவள் பெயர் மட்டும் ஊரார் நாவில் புரளவில்லை, நேவத்தி என்றனர். அவளும் சிரித்துக்கொண்டே அப்பெயருக்கும் குரல் கொடுத்தாள்.

மாலைதோறும் கணவனுக்குத் தன் நாட்டுச் சமயத்தைச் சொல்வாளாம். சாவு என்பது மேற்றிசைக்குப் போகும் நெடும்பயணமாம். அங்கே இறந்தவர் நெஞ்சைத் துலாக்கோலின் ஒரு தட்டிலும், வாய்மைத் தெய்வத்தின் இறகை மறுதட்டிலும் இட்டு நிறுப்பராம். தன் நெஞ்சு பாறையாய்க் கனக்குமே என்று நன்னாகன் அஞ்சினால், உன்னது நனையாத பஞ்சு என்று அவள் தேற்றுவாளாம். நிறுத்துத் தேறிய உயிர் மனித முகமுடைய பறவையாகிப் பகலெல்லாம் பறந்து, பொழுது சாய்ந்ததும் தன் உடலிலேயே வந்து அடையும். உடல் இல்லையேல் அடைய இடமில்லை. எழுதிய பெயர் அழிந்து, சொல்வாரும் அற்றுப்போனால் அதுவே இரண்டாம் சாவு.

இக்கார்ப்பருவத்தில் அவளைக் காய்ச்சல் பற்றியது; மருந்துக்கு அடங்கவில்லை. கடைசிப் பகலில் கணவன் கையை இறுகப் பிடித்து, “என்னைத் தீயில் இட்டுவிடாதே. உன் கூரையைச் சுற்றிவிட்டு எங்கே போய் அடைவேன்?” என்றாள். இடேன் என்று வாக்களித்தான்.

வாக்களித்தவன் வழி அறியான். மிசிரத்தில் இதற்கென்றே குருமார் உளர். அவர்கள் குடலையும் ஈரலையும் எடுத்துக் கலயங்களில் வைத்து, நெஞ்சை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவர். உவர்க்காரம் என்னும் ஒருவகை உப்பில் பல நாள் கிடத்தி ஈரம் போக்குவர். பிசினும் நறுநெய்யும் பூசி, வீட்டில் உடுத்து நைந்த துணிகளைக் கிழித்துச் சுற்றுவர். நன்னாகன் கத்தியைக் கையில் எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உப்புக் கொட்டிலில் அவளைக் கிடத்தி, உப்பை மட்டும் அள்ளி அவள்மேல் இட்டான். அவன் சொல்லை மாற்றாது எழுதுமாறு ஆணை: “கருவாடு போடற மாதிரி பெண்டாட்டிய உப்புல போட்டுட்டான்னு ஊரே பேசுது தாயே. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

அவனுக்கு எதிர்நின்ற ஊரவைத் தலைவர் அதியங்கிழாரையும் அரசியார் பொறுமையோடே கேட்டார். உடலைச் சுட்டே ஆகவேண்டும் என்றும், பிணம் கிடக்கும் ஊரில் வலையில் மீன் படாது, பிள்ளைகள் நோயுறும் என்று தாய்மார் நடுங்குவதாகவும், அவர்க்காகவே தாம் பேசுவதாகவும், தம்மைக் கல்நெஞ்சர் எனக் கொள்ளலாகாது என்றும் அவர் விண்ணப்பித்தார்.

பின்னர் நிகழ்ந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. இருக்கைக்குத் திரும்பிய அதியங்கிழார் அமராமல் நின்றார். அவையை மறந்தவராய் நன்னாகன் பக்கம் திரும்பி, “உடம்பே கிடைக்காதவன் உசுரு எங்கப்பா போய் அடையும்?” என்று கேட்டார். முத்துக்குளிக்கப் போன அவர் மகன் இளவேட்டனைக் கடல் திருப்பித் தராததை அவையினர் அறிவர்.

நன்னாகன் தன் வழக்கையே மறந்து அவரருகே சென்றான். “அங்கயும் முதலை கொண்டுபோனவங்க உண்டு ஐயா. ஓர் உருவம் செஞ்சு, பேரை எழுதி வைப்பாங்களாம். பேரு இருக்கிற இடத்தைத் தேடி அது வந்துரும்னு அவ சொல்லுவா” என்றான். அந்த எழுத்து உனக்கு வருமோ என்று முதியவர் வினவ, அவள் பெயர் ஒன்றுதான் வரும் என்றான். அது படமெழுத்து; ஒரு கூடை, ஓர் அப்பம், பக்கத்தில் அமர்ந்த ஒரு பெண், அவ்வளவே என்றான். “உங்க பிள்ளைக்கு நம்ம எழுத்தே போதும். வாங்க, நானே மண் பிசைஞ்சு தாரேன்” என்றான். அதியங்கிழார் அவன் தோளைப் பற்றிக்கொண்டு அழுதார். வழக்கைத் திரும்பப் பெறுவதாக அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அரசியார் அருளிய தீர்ப்பு: சங்குத்துறைக்கு மேற்கே செம்மண் மேட்டில் நம் முன்னோர் தம் இறந்தோரைத் தாழியில் வைத்து, நெல்லும் மணியும் உடனிட்டுப் புதைத்தனர். மண்ணெடுக்கும் குயவராகிய வேட்கோவர் இன்றும் அத்தாழிகளைக் கண்டு கைகூப்பி மூடிவிடுகின்றனர். ஆகலின், இறந்தார்க்கு இருப்பிடம் வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. நெபெத் அம்மேட்டிலேயே அடக்கம் பெறுக.

ஆகவே நீர் செய்யத்தக்கன. உப்பு தன் வேலையை முடிக்கும்வரை கொட்டிலின் காவல் நீங்காதிருக்க. வேட்கோவரைக் கொண்டு அவள் கிடக்கும் அளவுக்குப் பெருந்தாழி வனைவிக்க. சுற்றுவதற்குப் புதுத்துகில் அனுப்ப வேண்டா. அவள் உடுத்தவையே ஆகுக. கல்தச்சன் நன்னாகன் காட்டும்படியே மிசிர எழுத்திலும், கீழே நம் எழுத்திலும் நெபெத் என்னும் பெயரை வெட்டுக. அருகே இளவேட்டனுக்கும் ஒரு கல் நடுக. பாடை சுமப்போரில் தாமும் ஒருவராவேன் என்று அதியங்கிழார் கேட்டுக்கொண்டார். முதியவர் என்று ஒருவரும் தடுக்கலாகாது.

இவ்வோலை எழுதி முடித்துப் படித்துக் காட்டியபின் அரசியார் மேலும் ஒன்று சேர்க்கச் சொன்னார். அடக்கம் முடிந்து ஊரார் கலைந்த பின் நன்னாகன் வெறும் வீட்டுக்குத் திரும்புவான். அவனுக்கு உலை ஏற்ற ஆளில்லை. ஏவலரை விடாது, நீரே உம் மனையிலிருந்து சோறு கொண்டுசென்று, அவன் உண்ணும் வரை அருகில் இருக்க.

சங்கு முத்திரை பொறித்து விடுத்தோம். இது அரசாணை, வழுவற்க.