தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டது யார்?

அன்புள்ள ஒல்ஃபாவுக்கு,

தோஹாவிலிருந்து ஷுக்ரி. உனக்கும் உன் அம்மாவுக்கும் என் சலாம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஒரு வேடிக்கை கேள். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போன வீடியோ கேமை மறுபடி தொடங்கினேன். அதில் எனக்கொரு தோட்டம். தினமும் தண்ணீர் விட வேண்டும், கோழிக்குத் தீனி போட வேண்டும். ஆபீஸ் வேலையில் அதற்கு ஏது நேரம்? எனக்குப் பதிலாக ஆட ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை ஆசையாக உட்கார்ந்தால், தோட்டம் செழித்துக் கிடக்கிறது. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

அறைத் தோழன் மெத்ஹத் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஏன்யா, வெளையாடக்கூட ஆள் வெச்சுட்டியா? இனி பொண்டாட்டிகிட்ட பேசவும் ஒண்ணு எழுதிருவ!"

நான் சிரிக்கவில்லை. ஒல்ஃபா, ரமலானிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு உனக்கு வந்த "எந்திரிச்சாச்சா கண்ணு?" என்ற செய்தி நான் அனுப்பியதல்ல. அதுவும் புரோகிராம்தான். நீ ஒருநாள் தவறாமல் பதில் போட்டாய். இரண்டு புரோகிராமையும் நேற்று அழித்துவிட்டேன்.

நம் ஊர் ஸ்ஃபாக்ஸிலிருந்து யாராவது இங்கே வந்தால் ஒரு டப்பா ஹரிஸ்ஸா மிளகாய் விழுது கொடுத்தனுப்பு. அலமாரியில் பழைய கேம் கன்ட்ரோலர் இரண்டு இருக்கும். ஒன்றை அனுப்பு, மற்றதை நீ வைத்துக்கொள், சேர்ந்து ஆடலாம்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் காலைச் செய்தி முன்னேபின்னே வந்திருக்கும், ஒருநாள் வராமலும் போயிருக்கும். பயந்துவிடாதே, அது நான்தான்.

உன்
ஷுக்ரி