தாயிப் மலையில் மாசிச் சம்பல்

அன்பின் றபீக்காவுக்கு ஸலாம். நானும் என் வயிறும் சுகம். உன் வாப்பாவின் இருமல் குறைந்ததா?

வெள்ளிக்கிழமை, இங்கே எனக்கு அண்ணன் மாதிரி இருக்கும் நவ்பர் காக்காவுடன் மக்காவுக்கு அடுத்த தாயிப் மலை ஏறினேன். கிட்டவும் தூரவும் பிடிக்கிற அவருடைய புது லென்ஸில் பூக்களை எடுக்கத்தான் போனோம். பின்னேரம் அஸர் தொழும்போது பெரிய குரங்கொன்று வந்து, நீ மாசிக் கருவாடு இடித்து அனுப்பிய சம்பல் போத்தலைத் திறந்தது. தொழுகையை முறிக்கவும் முடியாது. நிதானமாகத் தொழுவிக்கும் காக்கா கடைசி றக்அத்தை ஓட்டமாக முடித்தார். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் நான் கமராவைத் தூக்கினேன். உறைப்புத் தாங்காமல் அது வாயைப் பிளந்து குதிக்கும் படம் இத்துடன் இருக்கிறது.

"உன்ட பொஞ்சாதிர கைச் சம்பல் குரங்குக்கும் தாங்கல்லடா!" என்றார் காக்கா.

இன்னொரு போத்தல் அனுப்பு. உறைப்பைக் குறைக்காதே.

பிறகு அந்தக் குரங்கின் சோடிப் பெண்குரங்கு ஓடிவந்து அதன் வாயைத் துடைத்துவிட்டது. அதை மட்டும் படமெடுக்க மனம் வரவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

இம்தாத்