தின்னர் வாசனை

வல்லம் வடகால்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஜெர்சிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், இரண்டு முறை படி.

போன வாரம் லீவு போட்டு உனக்காக மூன்று நாள் உபவாசம் இருந்தேன், தண்ணீர் மட்டும்தான். மூன்றாம் நாள் மதியம் கரண்ட் இல்லை, வீடே சத்தமில்லாமல் கிடந்தது. சமையல்கட்டிலிருந்து வந்த அம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். இன்னாங்க, தின்னர் வாசன அடிக்குது, யாரோ உள்ள வந்து நிக்கிற மாதிரி கீது என்றாள். கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிறவன் வீட்டில் பெயிண்ட் கரைக்கிற தின்னருக்கு என்ன பஞ்சம் என்று கேலி செய்தேன். ஆனால் நான் கம்பெனிப் பக்கம் போயே மூன்று நாளாகிறது, யூனிஃபார்ம் துவைத்து பீரோவில் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பார்த்தோம், தோட்டத்துப் பக்கம் பார்த்தோம், ஒன்றுமில்லை, எந்த அறைக்குப் போனாலும் அது கூடவே வந்தது. கடைசியில் அம்மா என் முகத்தருகே குனிந்தாள், அப்படியே பின்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். என் மூச்சிலிருந்துதான் வந்தது.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது ஜெர்சி. பதினொரு வயதில், சர்க்கரை வியாதி என்று தெரியும் முன்னே நீ நினைவு தப்பி விழுந்தாயே, அதற்கு முந்தின வாரம் முழுக்க உன் போர்வையில் இருந்தது இதே வாசனை. என் சட்டையிலிருந்து ஒட்டியிருக்கும் என்று அம்மா யூனிஃபார்மை மூன்று முறை அலசிப் போட்டாள். உன்னை ஒருவரும் முகர்ந்து பார்க்கவில்லை.

கம்பெனி முதலுதவி அறை நர்ஸ் ரத்னாவிடம் கேட்டேன். சாப்பாடு நின்றால் கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையைக் கொடுக்குமாம், அது தீர்ந்ததும் உடம்புக் கொழுப்பை எரித்துக் கீட்டோன் செய்து மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புமாம், அதில் கொஞ்சம் மூச்சில் வாசனையாக வருமாம். நம்மைக் கேட்காமலே உள்ளே ஒரு ஷிஃப்ட் ஓடுகிறது பார். எனக்குக் கொஞ்சமாவது இன்சுலின் சுரப்பதால் அது கல்லீரலை அடக்கி வைக்கிறது. உங்க பொண்ணுக்கு அடக்கறதுக்கு இன்சுலின் ஊசிய தவிர ஆளில்ல சார், அத நிறுத்துனா கல்லீரல் பாட்டுக்கு கீட்டோன செஞ்சிகினே போவும், ரத்தம் அமிலமாயிடும் என்றாள்.

அடுத்த மாதம் நானும் உங்களோட உபவாசம் இருக்கேன்பா, சாப்பிடாத நாளுக்கு ஊசி எதுக்கு என்று நீ கேட்டபோது ஆமென் என்று சொன்ன பாவி நான்தான். கஞ்சி குடித்த மறுநாளே என் வாசனை போய்விட்டது, அம்மா மட்டும் உன் பழைய போர்வையை எடுத்து எடுத்து முகர்கிறாள்.

நீ உபவாசம் இருக்க வேண்டாம், உனக்கும் சேர்த்து நான் இருக்கிறேன். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஊசியை விடாதே, அளவை டாக்டரிடம் கேள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்றை மறக்காதே. தின்னரே இல்லாத அறையில் தின்னர் வாசனையோ, பழமே இல்லாத அறையில் பழ வாசனையோ வந்தால், கூடத் தங்கியிருக்கும் வினோதினியை உன் மூச்சை முகர்ந்து பார்க்கச் சொல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இங்கிருந்து எங்களால் முகர முடியாது.

இந்த முறை தவறவிடாத
உன் அப்பா
எபினேசர்