சின்னக் கவலைக்குப் பெரிய சொல்

டுசல்டோர்ஃப்
14.02.1987

அன்பின் மலர்,

குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மகனும் என் தம்பியும் எப்படி?

வேலை அனுமதி கிடைத்து, ஹொங்கொங்காரரின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறேன். சமையற்காரர் லாம் அண்ணைக்குத் தொட்டதெல்லாம் பிரளயம். சோறு அடிப்பிடித்தால் "இரத்தம் கக்கிச் சாகப்போறன்" என்பார். நான் தட்டு அடுக்குவதைக் கண்டால் "மோ ஙான் தாய்" என்பார். பார்க்கக் கண்ணில்லை என்று பொருளாம். அரிச்சுவடியில் 'ஙா' எதற்கென்று இப்போதுதான் விளங்கியது. அரைகுறை ஜேர்மன் பாஷையில் ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறார்.

அகதி வழக்கை நினைக்காமலிருக்க இது உதவுகிறது. மனம் மரத்துக் கிடக்கிறது. கோபிக்காதே.

உன் மகேந்திரராஜா

கரவெட்டி
20.03.1987

அன்பின் அத்தானுக்கு,

பக்கம் முழுக்கச் சமையற்காரர், எனக்கு ஒரு வரி. இருக்கட்டும்.

மகன் சீனிப் போத்தலைக் கவிழ்த்தான், நான் இரத்தம் கக்கினேன். உங்கள் தம்பி தம்பித்துரையின் புது மீசைக்கு மோ ஙான் தாய். முறை சரிதானே?

பக்கத்து வீட்டுக் கமலநாயகி அக்காவின் மகனை ஆமி பிடித்துப்போய்விட்டது. ஆறுதல் சொல்லப் போய், "எனக்கே இரத்தம் கக்கிறமாதிரி இருக்கு அக்கா" என்றேன். அவ எழும்பி உள்ளே போய்விட்டா. என்ன பிழை சொன்னேன்?

இதைத் தபாலில் போடத் தம்பித்துரை சைக்கிளோடு நிற்கிறான்.

உங்கள் தேவமலர்

டுசல்டோர்ஃப்
02.05.1987

அன்பின் மலர்,

லாம் அண்ணையிடம் கேட்டேன். "அதுக்கு அதைச் சொல்லக்கூடாது" என்றார். பெரிய சொல்லெல்லாம் சின்னக் கவலைக்குத்தானாம்.

போன கிழமை அவருடைய தமையன் இறந்ததாகத் தந்தி வந்தது. வாசித்துப் பையில் வைத்தார். "லீக்ஸ் வெட்டவேணும்" என்று மரக்கறிப் பலகைக்குத் திரும்பினார். அவ்வளவுதான்.

அக்காவிடம் போய்ப் பேசாமல் கொஞ்ச நேரம் இரு.

மகேந்திரராஜா

கரவெட்டி
28.06.1987

அன்பின் அத்தானுக்கு,

நாங்கள் சுகம். ஷெல்லடி ஓய்ந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மகன் சாப்பிடுகிறான். கமலநாயகி அக்கா வந்து பேசாமல் இருந்துவிட்டுப் போனா.

சைக்கிளைக் கழுவி உள்ளே வைத்திருக்கிறேன். இதைப் போட நான் நடந்து போவேன்.

தேவமலர்

டுசல்டோர்ஃப்
20.07.1987

மலர்,

உன் கடிதத்தில் ஒரு பெரிய சொல்லும் இல்லை. தம்பித்துரையின் பெயரும் இல்லை. நீ அதை எழுதவேண்டாம். என் தம்பி இனி இல்லை என்று விளங்கிவிட்டது.

அழுகை வரவில்லை. லாம் அண்ணை என் முகத்தைப் பார்த்தார். பலகையில் இடம் விட்டுக் கத்தியைத் தந்தார். பின்னேரம் வரை இருவரும் லீக்ஸ் வெட்டினோம். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சுகம்.

மகேந்திரராஜா