நாரின் கிளை தாங்கிய செலவு

பிப்ரவரி 3

வங்கித் தலைமையகத்திலிருந்து கணக்கு வந்தது. நாரின் கிளையின் சென்ற ஆண்டு லாபம் நாற்பது லட்சம் சோம். அதில் முப்பத்தொரு லட்சம், கள்ளப்பணத்தைத் தடுக்கும் விதிக்கண்காணிப்புச் செலவில் எங்கள் பங்கு. மென்பொருள், பயிற்சி, ஆலோசகர்கள், ஆலோசகர்களுக்கு ஆலோசகர்கள். எண்பது பேர் உட்கார்ந்திருக்கும் தலைநகர் பிஷ்கெக் கிளைக்கும் இதே பங்குதான். நாங்கள் ஆறு பேர்.

செலவைப் பிரித்த மேதை, தலைமையகத்துக் குபாத். கல்லூரியில் என் தாளைப் பார்த்துத் தேறியவன். வகுத்தலைப் பார்க்காமல் விட்டுவிட்டான் போலிருக்கிறது.

மிச்சம் ஒன்பது லட்சம். பத்துக்குக் குறைந்த கிளைகளை மூடுவது பற்றி மே மாதத்துக்குள் முடிவாம். முடிவெடுக்கும் குழுவின் தலைவரும் அவனே.

பிப்ரவரி 20

செலவுப் பங்கு பற்றியும், முடங்கும் கணக்குகளைக் கிளையே திறக்க விடுவது பற்றியும் குபாத்துக்கு எழுதிய என் பதினோரு பக்கக் கடிதத்துக்குப் பதில் வந்தது: "கருத்துக்கு நன்றி."

மார்ச் 11

எங்கள் வாடிக்கையாளர் ஊல்கானின் கணவர் இறந்துவிட்டார். மாஸ்கோவிலும் யெகாதெரின்புர்க்கிலும் கூலிவேலை செய்யும் உறவுக்காரர்கள் எழுபத்தொரு பேர் கொஷும்ச்சா அனுப்பியிருக்கிறார்கள். இழவு வீட்டுக்கு எல்லாரும் சேர்ந்து போடும் பணம். மென்பொருளுக்கு அது தெரியுமா? ஒரே நாளில் எழுபத்தொரு பேர் என்றதும் கணக்கை முடக்கிவிட்டது.

எங்கள் கிளையின் கண்காணிப்பு அலுவலர் அய்ஜர்கினிடம் கத்தினேன். "உன் தாத்தா செத்தப்போ எப்படிம்மா பணம் வந்துச்சு?"

"இப்படித்தான் வந்துச்சு, பைகே," என்றாள், அண்ணா என்ற மரியாதை குறையாமல். "ஆனா திறக்கிறது தலைமையகம்தான். என்னைத் திட்டி என்ன ஆகப்போகுது?"

குபாத்தை அழைத்தேன். "நாளன்னிக்கு அடக்கம்டா. குதிரை அறுக்கணும்."

"பத்து வேலைநாள் ஆகும், மெதெர். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எல்லாருக்கும் ஒன்று!

மார்ச் 13

ஊல்கான் பால் கறக்கும் குதிரையை விற்று, அறுக்க வேறொன்று வாங்கினாளாம். அடக்கத்துக்குப் போனேன். தேநீர் எனக்குக் கடைசியாக வந்தது.

மார்ச் 29

இரண்டு வாரத்தில் நாற்பத்துநான்கு மேய்ப்பர்கள் சேமிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "உங்க பேங்க்ல பொணத்துக்குக்கூட விசாரணை" என்றார் ஒருவர். இந்த நஷ்டத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? தலைமையகத்தின் படிவத்தில் அப்படியொரு பத்தி இல்லை.

ஏப்ரல் 16

குபாத்தின் அம்மா இறந்துவிட்டார்.

ஏப்ரல் 17

அவனுடைய ஊர்க் கணக்கு எங்கள் கிளையில்தான். இருநூறு பேர் பணம் போட்டிருக்கிறார்கள். முடக்கம்! தலைமையக ஊழியரின் கணக்கைத் தலைமையகம் திறக்கக் கூடாது. கிளை மேலாளர், அதாவது நான், பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். விதியை எழுதியவன் அவனே.

காலையிலிருந்து வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்: 'கிளை மூடாதுன்னு எழுதிக் குடு, போடறேன்.' வேறு என்ன பிடி இருக்கிறது எனக்கு? ஆறு பேர் சோறு.

மதியம் அழைத்தான். "மெதெர்..." பிறகு, "அம்மா போன வாரம்கூடக் கேட்டா, அந்த ஒல்லிப் பையன் சாப்பிடறானான்னு."

கல்லூரி நாட்களில் அவள் அவனுக்கு அனுப்பும் பையில் என் பெயர் போட்டு ஒரு பொட்டலம் இருக்கும். எண்ணெயில் பொரித்த மாவு. நான்கு வருடமும்.

கையெழுத்துப் போட்டேன்.

"பத்து நாள் ஆகலையா, பைகே?" என்றாள் அய்ஜர்கின். முறைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 18

அடக்கம். குபாத் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அவனுக்காக அல்ல.

ஏப்ரல் 30

சுற்றறிக்கை: இழவுப் பணத்தைக் கிளை மேலாளரே அன்றே விடுவிக்கலாம். பதினோரு பக்கத்தில் நான் கேட்டது. சேமிப்பை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை.

மே 25

குபாத்தின் அம்மாவுக்கு நாற்பதாம் நாள் விருந்து. அவன் கையாலேயே என் தட்டில் இறைச்சி வைத்தான், பெரியவர்களுக்கு வைக்கும் துண்டு. தேநீரையும் எனக்கே முதலில் ஊற்றினான்.

மே 27

மூடும் கிளைகளின் பட்டியல் வந்தது. நாங்கள் இரண்டாவது. குபாத்தின் கையெழுத்து. முடிவான தேதி ஏப்ரல் 24 என்று போட்டிருக்கிறது.

நாற்பதாம் நாள் முடியும்வரை பட்டியலை வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறான். அவ்வளவு மரியாதை தெரிந்தவன்.